வாயாடி என்று ஒரு புரோகிராம்

என் சித்திக்குப் பேருந்து நிலைய அலுவலகத்தில் வேலை. என்ன வேலை என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டருக்குத் தூசி தட்டறேன்" என்பாள். தான் எழுதும் புரோகிராம்களைப் பற்றி மூச்சே விடமாட்டாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மறந்து, மாலையில் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து சித்தப்பாவிடம் திட்டு வாங்குவாள்.

அவள் எழுதியதில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'வாயாடி'. நிலைய அறிவிப்பாளருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து குரல் போய்விட்டது. அவர் தட்டும் வரியை வாயாடி ஒலிபெருக்கியில் பேசும். அந்தப் பெயரை வைத்தவரும் அவர்தான்.

இந்த வருஷம் அலுவலகக் கம்ப்யூட்டர்களில் வேறு ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டார்கள். வாயாடி அதில் அசைய மறுத்தது. மேனேஜர் கறாராகச் சொன்னார். "மதியத்துக்குள்ள பேசலைன்னா ரெக்கார்டு பண்ணின குரலைப் போட்டுக்கலாம். அறிவிப்பாளரை சாமான் ரூமுக்கு மாத்திடறேன்."

அறிவிப்பாளர் நாற்காலியைச் சித்தியின் மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

எந்தப் புரோகிராமுக்கும் கம்ப்யூட்டர் உள்ளே நுழைய ஒரு வாசல் வேண்டும். பழைய சிஸ்டம் தேடுகிற வாசலின் பெயர் வேறு, புதியது தேடுவது வேறு. அதனால் சித்தி புது வாசல் ஒன்றை எழுதினாள். வாயாடி எழுந்துகொண்டது. அறிவிப்பாளர் முதல் வேலையாக மேனேஜரைக் கூப்பிடும் வரியைத் தட்டினார். நிலையம் முழுக்கக் கேட்டது:

"வாயாடி மேனேஜர் உடனே அலுவலகத்துக்கு வரவும்."

மேனேஜர் வந்தார், முகம் சிவக்க. "யாரும்மா வாயாடி?"

"உங்களைச் சொல்லல சார். அது தன் பேரைத் தானே சொல்லிக்குது."

பழைய வாசலில் வாக்கியம் மட்டும்தான் வந்து சேரும். புதிய வாசலில் முதலில் புரோகிராமின் பெயர் வரும், அதற்குப் பின்னால்தான் வாக்கியத்தின் வார்த்தைகள். சித்தி வந்ததையெல்லாம் அப்படியே கோத்துப் பேசவிட்டிருந்தாள்.

"வெளிய நின்னு கேக்கறேன். மறுபடியும் என் மானம் போச்சுன்னா சாமான் ரூம்தான்."

முதலில் வருவதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் பேசும்படி சித்தி மாற்றினாள். அடுத்த அறிவிப்பு பிசிறில்லாமல் வந்தது. தவறான பேருந்தில் ஏறப் போன ஒரு பெண் அதைக் கேட்டு, பையோடு திரும்பி ஓடினாள்.

அறிவிப்பாளருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒலிபெருக்கியை நிறுத்த மறந்து, சித்தியிடம் சொல்ல வேண்டியதைத் தட்டிவிட்டார்.

"தங்கச்சி, மேனேஜரைக் கூப்பிடறப்ப மட்டும் அந்த 'வாயாடி'யையும் சேத்துக்கலாமா?"

அதையும் நிலையம் முழுக்கக் கேட்டது. சித்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஜன்னலில் மேனேஜரின் தலை தெரிந்தது. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போயிருந்தது.

"இவரை சாமான் ரூம்ல போட்டா சாமானெல்லாம் எழுந்து ஓடிடும். இங்கயே இருக்கட்டும்மா."

அன்று சித்தி காலி டப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். பாதிக்கு மேல் அறிவிப்பாளர் சாப்பிட்டுவிட்டாராம்.