நத்தைக்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர்

"வீட்டைக் கூட்ட வர்றவங்க வயித்தை முதல்ல கவனி, அப்புறம்தான்..." என்று என் பெரியப்பா ஏதோ சொல்வார். மூலையைக் கவனி என்று முடியுமா, முறத்தைக் கவனி என்று முடியுமா, நினைவில்லை. ஆனால் உப்புநீர் மீன்தொட்டித் தொழிலுக்கு அந்த முதல் பாதியே போதும். வளைகுடாவில் ஏ.சி. இயந்திரங்களோடு மல்லுக்கட்டிவிட்டுப் புனே திரும்பியவன் நான். கசார்வாடியில் லேத் பட்டறைக்கும் டயர் கடைக்கும் நடுவே கடை. மீன் விற்பது சுலபம், அதன் நிறமே பேசிவிடும். தொட்டியைத் துப்புரவு செய்கிற நத்தையையும் நண்டையும் விற்பதுதான் பாடு. பாசி படர்ந்த கண்ணாடியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

காலிப் பந்தி

பாணேரிலிருந்து கார்த்திக் வந்தார். ஐ.டி. பையன், தமிழைத் தயங்கித் தயங்கிப் பேசுவார். தொட்டி வைத்துச் சில நாள்தான் ஆகிறது. "அங்கிள், பெரிய பேக்கா நத்தை குடுங்க. பாசி வர்றதுக்கு முன்னாடியே போட்டுடலாம்" என்று போனில் படம் காட்டினார். கண்ணாடி பளபளவென்று இருந்தது. அதில் தலை சீவிக்கொள்ளலாம்.

இலையில் ஒன்றும் பரிமாறாமல் பந்திக்கு ஆள் கூப்பிடக்கூடாது என்றேன். முதலில் பழுப்பாக மாவு மாதிரி பாசி படியட்டும், அப்புறம் பச்சை வரட்டும். அப்போது நாலைந்து நத்தை போதும், இப்போது போட்டால் பட்டினியில் சாகும் என்று விளக்கினேன். அவர் முகம் வாடிவிட்டது.

"அப்போ நான் வீட்டுக்குப் போய் அழுக்குக்காக வெயிட் பண்ணணுமா? இதை எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க அங்கிள்."

கால் முளைத்த நத்தை

ஒரு வங்கி அதிகாரி போன் செய்தார். குரலில் அப்படி ஒரு உற்சாகம். "சார், நீங்க குடுத்த நத்தைக்குக் கால் முளைச்சிருக்கு! என்னமா ஓடுது தெரியுமா?" எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவர் நத்தையோடு ஹெர்மிட் நண்டும் வாங்கியிருந்தார். அந்த நண்டுக்குச் சொந்த ஓடு கிடையாது, காலி ஓட்டுக்குள் குடியிருக்கும். வளர வளரப் பெரிய ஓடு வேண்டும். காலி ஓடு கிடைக்காவிட்டால், நத்தையைத் தீர்த்துவிட்டு அதன் ஓட்டுக்குள் புகுந்துகொள்ளும்.

சமாதானம் சொல்லி, காலி ஓடுகளை ஒரு பொட்டலமாகக் கட்டினேன். என்னோடு கடை நடத்தும் சுஹாஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். மராத்திக்காரன்தான், என்னோடு பழகித் தமிழும் பிடித்துக்கொண்டவன்.

"சாஹேப், புனேல வாடகைக்கு வீடு கிடைக்கலேன்னா நானும் இதைத்தான் பண்ணுவேன்."

நம்ம ஆளு

தாபோடியில் ஸ்டெல்லா டீச்சர் வீடு. அவர் கணவர் அருள் சாருக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து நாற்காலியில்தான் பொழுது. அவருக்காகத்தான் தொட்டி. ஆனால் அவர் பார்ப்பது மீனை அல்ல. "மீனு சரக்குனு ஓடிருது தம்பி, அவுக கண்ணு கூடப் போவ மாட்டேங்கு. நத்தைன்னா கூடவே போறாவ" என்பார் டீச்சர். கண்ணாடியில் நத்தை ஊர்கிற பாதையிலேயே சாருடைய விரலும் நடுங்கி நடுங்கி ஊரும். மருத்துவர் சொன்ன பயிற்சியைச் செய்யாத கை அது.

அந்த நத்தைகள்தான் செத்தன. இரண்டு தடவை கொடுத்து இரண்டு தடவையும் போயின. மீன்களோ ஜோராக நீந்தின. உப்பு, அமோனியா, சூடு, எல்லாம் பார்த்தேன், எதிலும் குறையில்லை. நம் சரக்கில்தான் கோளாறு என்று சுஹாஸ் முணுமுணுத்தான். டீச்சர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் செத்தா தொட்டியை எடுத்துட்டுப் போயிருங்க. தெனமும் அவுக கண்ணு முன்னால செத்ததைப் பொறுக்கிப் போட என்னால ஆவாது."

மூன்றாவது முறை நத்தைப் பையோடு போனேன். நல்ல வெயில். டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், செம்பு டம்ளரில். குடித்துக்கொண்டே சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். தேய்த்து மினுக்கிய பெரிய செம்புக் குடம்.

"தொட்டிக்கு உப்புக் கரைக்கிற தண்ணி எங்கே பிடிக்கிறீங்க டீச்சர்?"

"அந்தக் கொடத்துலதான். ஃபில்டர் தண்ணியை ராத்திரி செம்புல ஊத்தி வெச்சா உடம்புக்கு அம்புட்டு நல்லதாம்லா! நமக்கு ஒண்ணு, அந்தச் சீவனுக்கு ஒண்ணுன்னா வைக்க முடியும்?"

கொஞ்சம் செம்பு கரைந்தால் மீன் தாங்கிக்கொள்ளும், நத்தைக்கு அது விஷம். மீன் நோய்க்குப் போடும் மருந்தில்தான் செம்பு இருக்கும், மருந்தே போடாத தொட்டியில் செம்புக்கு என்ன வேலை என்று அதை மட்டும் நான் சோதிக்கவில்லை. டீச்சரிடம் சொன்னபோது அவர் குடத்தையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், பாசத்தில் செய்தது. பையைப் பிரிக்காமலே திரும்ப எடுத்துவந்தேன். பிளாஸ்டிக் கேனில் கரைத்த தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றி, செம்பை உறிஞ்சும் பை ஒன்றைத் தொட்டியின் ஃபில்டரில் போட்டு, சோதனை மருந்து நிறம் மாறாமல் நிற்கும்வரை வாரக்கணக்கில் காத்திருந்தோம். பிறகு நத்தைகளைப் பக்கெட்டில் வைத்து, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்கி, உள்ளே விட்டேன்.

அடுத்த மாதம் போனபோது கண்ணாடியின் மேல்முனையில் ஒரு நத்தை மேய்ந்துகொண்டிருந்தது. சாருடைய கை தோளுக்கு மேலே உயர்ந்திருந்தது. சார் என்னைத் திரும்பிப் பார்க்காமலே, வாய் கோணக் கோணச் சொன்னார்:

"மெதுவாத்தான் போறான்... நம்ம ஆளு."

இப்போதெல்லாம் வாங்குகிறவர் வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுத்தான் நத்தை விற்கிறேன்.