மறந்துபோன ஒரு மைனஸ்

கம்ப்யூட்டர்களின் பின்பக்கத்திலிருந்து வரும் சூடான காற்று...
மைசூரின் டிசம்பர் குளிருக்கு எனக்கு அதுதான் ஹீட்டர். வேலைக்குச் சேர்ந்த புதிது. காலை ஒன்பது மணிக்குப் போனதும் கால்களை அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு, முந்தின நாள் ஓடவிட்ட கணக்கு முடிந்ததா என்று பார்ப்பேன். பல நாள் பாதியிலேயே நின்றுபோயிருக்கும். மறுபடி முதலிலிருந்து...

நிலக்கரிக்குள் மயிரிழை விரிசல்கள் ஏராளம். கரியில் ஒட்டிக்கொண்டிருக்கும், சட்டென்று தீப்பிடிக்கும் வாயு அவற்றின் வழியாகத்தான் வெளியே வரும். கரியை வெட்டும்போது பாறை அசையும். விரிசல் திறந்தால் வாயு கூடும், மூடினால் குறையும். சுரங்கத்தில் ஆள் இறங்குவதற்கு முன்பே அதைக் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் என் வேலை.

எங்கள் ஊர் ராமாபுரத்தில் அப்பாவுக்கு இதை விளக்கிச் சொன்னபோது கேட்டார்: "மைசூருல உக்காந்துக்கிட்டேவா கண்ணு?"
"ஆமாங்ப்பா."
சிரித்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

ஆறு மாதம் உழைத்து ஒரு சுரங்கத்துக்கு ரிப்போர்ட் கொடுத்தோம். புதுப் பகுதியில் வெட்ட வெட்ட வாயு குறையும் என்றது அது. சுரங்கத்தில் காற்றோட்டத்தைக் கவனிக்கும் அதிகாரி செல்வராஜ் சார், கோலார் தங்கவயல் தமிழர். நான் நேரில் பார்த்ததில்லை, போன் பழக்கம்தான். எங்கள் ரிப்போர்ட்டை நம்பி திங்கட்கிழமை அங்கே வேலை தொடங்குவதாக இருந்தார்கள்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மதியம், ரிவ்யூ மீட்டிங்குக்குக் கலர் படம் தயாரித்துக்கொண்டிருந்தேன். அதுவரை வெறும் எண்களாகவே பார்த்ததைப் படமாகப் பார்த்ததும் எதுவோ உறுத்தியது. கரியை வெட்டிய முகப்புக்குப் பக்கத்தில் விரிசல்கள் மெலிந்திருந்தன.

முட்டாக நின்ற கரியை எடுத்துவிட்டால் பாறை தளரத்தானே வேண்டும்... விரிசல் எப்படி மூடும்?

ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. பாறையின் அசைவைக் கணக்கிடும் ப்ரோக்ராமுக்கு இழுப்பு ப்ளஸ், அமுக்கம் மைனஸ். வாயுவைக் கணக்கிடும் ப்ரோக்ராமுக்கு நேர் எதிர். இரண்டையும் இணைத்தவள் நான். நடுவில் ஒரு மைனஸ் போட மறந்திருந்தேன். அதனால் தளர்ச்சி எல்லாம் இறுக்கமாகிவிட்டது. வாயு குறையாது... கூடும்.

என் மேலதிகாரி ரவி சார் மைசூரிலேயே பிறந்த தமிழர். பேச்சில் பாதி கன்னடம். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"சும்னே இரும்மா. யாக்கே, எதுக்கு டென்ஷன்? புதன்கிழமை ரிவ்யூ. இப்ப போய்த் தப்புன்னு சொன்னா ப்ராஜெக்டே போயிடும். இன்னொரு தடவை ஓட்டிப் பாக்கலாம்."

"அது ஓடி முடிய நாலு நாளாகுங் சார். திங்கக்கெழம ஆளு எறங்கறாங்க."

கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு தன் மேஜை போனை என் பக்கம் தள்ளினார்.

"பண்ணு. நீயே பேசு. நான் இங்கயேதான் இருக்கேன்."

மூன்று முறை தப்பாக நம்பரை அழுத்தினேன்.

"சார்... நாங்க குடுத்த கணக்கு தப்புங் சார். வாயு கூடும். நான்தான் தப்பு பண்ணிட்டேன்."

செல்வராஜ் சார் கேட்டார்.

"எவ்ளோ கூடும்மா?"

"இன்னும் சரியா தெரியலீங் சார். ஆளுகள மட்டும் எறக்கீராதீங்க."

"சரி... நிறுத்திர்றேன். நீ அழுவாத. இன்னிக்கே சொன்ன பாரு, அது போதும்."

அப்போதுதான் நான் அழுதுகொண்டிருப்பதே எனக்குத் தெரிந்தது.

வாயுவை முன்கூட்டியே உறிஞ்சி எடுக்க அங்கே துளைகள் போட்டார்கள். முதல் ரிப்போர்ட்டில் சொன்னதைவிட மிக அதிகமாக வாயு வந்ததாக செல்வராஜ் சார் பிறகு சொன்னார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ரிவ்யூவில் ரவி சார் என் பெயரைச் சொல்லவே இல்லை. "தப்பு எங்களோடது" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். ப்ராஜெக்டை நீட்டிக்கவில்லை. மார்ச் மாதத்தோடு எனக்கு வேலை போயிற்று. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு என் மேல் இருந்ததா, தெரியாது. கேட்கவில்லை.

இப்போதும் மைசூர்தான். பெரிய கம்பெனி, ஏசி அறை. எந்த ஊரில் எவ்வளவு ஷாம்பூ விற்கும் என்று கணித்துச் சொல்கிறேன். காலையில் எழும்போதே அசதி... ஏன் என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

போன வாரம் என் கணிப்பில் ஒரு தவறு. நானே கண்டுபிடித்து, ஓடிப்போய் மேனேஜரிடம் சொன்னேன்.

"பரவால்ல விடுங்க, நெக்ஸ்ட் மன்த் சரி பண்ணிக்கலாம்" என்றார். போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அவர் சொன்னது சரிதான். ஷாம்பூதானே...

ஆனாலும் சீட்டுக்குத் திரும்பி வந்து கொஞ்ச நேரம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பயந்து நடுங்கிய அந்தப் பெண்ணை நினைத்தால் பொறாமையாக இருந்தது.