டயரில் தடவிய பாலிஷ்

பளபளக்கிற டயரைப் பார்த்தாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

அன்று ஆயுத பூசை. ஏலத்தோட்டத்தில் காய் எடுத்து முடித்து, போடிக்கு இறங்க நாங்கள் எட்டுப் பெண்கள் ஜீப்பில் ஏறினோம். டிரைவர் டயர்களுக்குப் பாலிஷ் போட்டு, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் கிளம்பினான். "மொகம் பாக்கலாம்க்கா" என்று பெருமை வேறு.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. முதல் வளைவிலேயே பிரேக் பிடித்தும் ஜீப்பு நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய், பள்ளத்தின் விளிம்பிலிருந்த கட்டைச்சுவரில் மோதித்தான் நின்றது.

இறங்கி டயரைத் தொட்டேன். பக்கவாட்டில் மட்டும் தடவ வேண்டிய பாலிஷ், ரோட்டில் பதிகிற இடத்திலும் எண்ணெயாய் வழுக்கியது.

"தரையில படுற எடத்துலயுமாடா தடவுவ?"

"சாமிக்குச் செய்யிறத அரைகொறையாவா செய்யச் சொல்றீக?"

கை நிறைய மண்ணை அள்ளி டயரில் அப்பித் தேய்த்தேன். "அக்கா, பூசை போட்ட டயரு!" என்று பதறி என் கையைப் பிடித்தான். ஜீப்பு மோதியபோதுகூட அவன் முகத்தில் அந்தப் பதற்றம் இல்லை.

கையை உதறிவிட்டு நான்கு டயரையும் தேய்த்தேன். சாமி என்னைக் கோபித்திருக்காது. எங்களில் யாருக்காவது அடிபட்டதா என்று அவன் இன்றுவரை கேட்கவில்லை.