மூன்று விரல் இடம்

ஒவ்வொரு போத்தலையும் நிரப்பியதும் தவமலர் அக்கா கொஞ்சத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுவார். பல வருடங்களாகப் பார்க்கிறேன்.

போர் முடிந்தபின் ஒரு பிரீசர் வாங்கி, எங்கள் உடப்பு ஊர்ப் படகுகளுக்கு, மீன் கெடாமல் வைக்க ஐஸ் போத்தல் கொடுக்கத் தொடங்கினார். குறைத்துக் கொடுப்பது அநியாயம் என்று கழுத்துவரை நிரப்பினார். போத்தல்கள் வீங்கி வெடித்தன. உருகிய தண்ணீரில் மீன் ஊறியது.

“என்ன தங்கச்சி, போத்தலுக்கு எத்தனை மாசம்?” என்றார் படகுக்காரர் தில்லையம்பலம். “இன்னொரு தடவை வெடிச்சா வேற ஆளைப் பாப்பேன்.”

அக்கா ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி பிரீசரில் வைத்து, அடிக்கடி திறந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஓரம் முதலில் உறைந்தது. நடுவில் மிஞ்சிய தண்ணீர் மேலே பிதுங்கி, முள்போல உறைந்து நின்றது.

“பாத்தியா, மூடி போட்டு அடைச்சா இது எங்க போகும்?” என்றார் அக்கா.

இப்போது மூன்று விரல் இடம் விடுகிறார். எட்டுப் படகுகள் அவரிடம் ஐஸ் எடுக்கின்றன, ஒன்று தில்லையம்பலத்தினுடையது.