பதினெட்டு நாள் கூடுதல் வெளிச்சம்

“அண்ணே, ஒன்பது புள்ளி ரெண்டு!” என்று மலர்விழி கத்தியபோது ஆய்வகத்தில் இருந்த நான்கு பேரில் மூன்று பேர் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் சாலையில் உள்ள ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். கடைசி ஏழு வருடம் ஆர்கானிக் சோலார் செல் வேலை. சிலிக்கானுக்குப் பதிலாக, கரைத்த கார்பன் சேர்மத்தைக் கண்ணாடியில் மெல்லிய படலமாகப் பூசுவோம். விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு மின்சாரமாகிறது என்பதுதான் எஃபிஷியன்சி.

மலர்விழி ஆலங்குடிப் பக்கம் முந்திரி விவசாயி மகள். ஆராய்ச்சியில் ஐந்தாவது வருடம். எட்டு புள்ளி ஒன்றைத் தாண்ட முடியாமல் அவள் கட்டுரை இரண்டு முறை திரும்பி வந்திருந்தது. கட்டுரை இதழில் வராவிட்டால் தீசிஸ் கொடுக்க முடியாது. பதினாறு செல்கள் எத்தனை நாள் தாங்குகின்றன என்று தினமும் அளந்துகொண்டிருந்தாள்.

அளப்பதற்குமுன், வெயில்போல எரியும் சிமுலேட்டர் விளக்கின் கீழே, வெளிச்சத்தின் அளவைக் காட்டும் ரெஃபரன்ஸ் செல்லை வைத்து, அது நூறு காட்டும்வரை வெளிச்சத்தைத் திருகிக் கூட்டுவது என் வேலை. திருகின் எண்ணை நோட்டில் எழுதுவேன். மாதக்கணக்காக அறுபத்தொன்று. நான்கு நாள் ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்த அன்று அறுபத்தொன்பது. ஒன்பது புள்ளி இரண்டு வந்ததும் அன்றுதான்.

எண் ஏறியிருப்பதை மலர்விழியின் கைடான பேராசிரியரிடம் சொன்னேன். அவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

“லாம்புக்கு வயசாயிருச்சுண்ணே. ஒங்க நோட்டு இல்லாட்டி சூரியனே உதிக்காது போல” என்று சிரித்தார்.

ஆயிரம் மணி நேர விளக்கு. முந்நூற்று நாற்பதுதான் எரிந்திருந்தது. நான்கு நாளில் எட்டு எண் எப்படி ஏறும்? ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். அது என் முதல் தவறில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து பதினெட்டாம் நாள். மூன்று மணிக்குக் கட்டுரையை அனுப்புவதாக ஏற்பாடு. பதினொன்று நாற்பதுக்கு ரெஃபரன்ஸ் செல்லை ஜன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். கண்ணாடியில் மஞ்சளாக ஒரு படலம். பூஜைக்குப் பதினேழு கருவிகளுக்கு நான்தான் சந்தனம் வைத்தேன். மறுபடி நான்தான் துடைத்தேன். ஈரத்துணி சந்தனத்தைக் கண்ணாடி முழுக்க இழுத்துவிட்டிருந்தது. ரெஃபரன்ஸ் செல்லுக்கு வெளிச்சம் குறைய, நான் விளக்கைக் கூட்ட, அவள் செல்கள் கூடுதல் வெயிலில் நின்றிருக்கின்றன.

கையில் துணி இருந்தது. பக்கத்தில் யாருமில்லை. ஒரு நிமிடம் அப்படியே நின்றேன். பிறகு துணியை மேசைமேல் வைத்தேன்.

“மலரு, இங்கிட்டு வாம்மா.”

“டைப் பண்றேன்ணே, அப்பறம் வாரேன்.”

“அப்பறம் வந்து பிரயோஜனம் இல்ல.”

வந்து பார்த்தாள். “என்னண்ணே மஞ்சளா?”

“சந்தனம். நான் வச்சது.”

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “அப்ப ஒன்பது ரெண்டு?”

“இல்லம்மா.”

சட்டென்று துணியை எடுத்தாள். “தொடைச்சிட்டுப் புதுசா அளந்துருவோம்.”

“தொடாத! மொதல்ல அழுக்கோட அளக்கணும்.”

அறுபத்தொன்பதில் வைத்தோம். நூறு. ஆல்கஹாலில் துடைத்து, திருகைத் தொடாமல் மறுபடி வைத்தோம். நூற்றுப்பதின்மூன்று. பதின்மூன்று பங்கு வெளிச்சம் கூடுதல்.

பேராசிரியர் வந்தார். முகம் சிவந்தது. “பதினெட்டு நாள் டேட்டாவும் குப்பையா? நீங்க சொல்லலேன்னா யாருக்குத் தெரியப்போகுது?”

மலர்விழிதான் சொன்னாள்: “வேற லேப்ல செஞ்சு பாக்குறவங்களுக்குத் தெரியும் சார்.”

பிறகு நோட்டைக் காட்டினேன். பதினெட்டு நாளும் அறுபத்தொன்பது; ஒரு நாளும் மாறவில்லை. சந்தனப் படலம் கூடவோ குறையவோ இல்லை என்று அர்த்தம். ஒரே விகிதத்தில் எல்லாவற்றையும் குறைத்துக்கொள்ளலாம். பதினாறு செல்களையும் சரியான வெளிச்சத்தில் அன்றே திரும்ப அளந்தோம். குறைத்துக் கணக்கிட்ட எண்ணோடு ஒத்துப்போனது.

மூன்று மணிக்குக் கட்டுரை போகவில்லை. நடந்ததை ஒரு பத்தியில் எழுதிச் சேர்த்து, எட்டு புள்ளி ஒன்று என்றே பிறகு அனுப்பினார்கள். சிறிய இதழ் ஒன்று ஏற்றது. மலர்விழி தீசிஸ் கொடுத்தாள்.

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் கையால் நேர்ந்த தவறு கண்ணில் பட்டதும் கை துணியைத்தான் தேடும். துடைத்துவிட்டால் தவறு போய்விடும். எவ்வளவு தவறு என்பதும் அதோடு போய்விடும். முதலில் அளந்து எழுதுங்கள்.