பி பிரிவு டீச்சரின் மகள்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளைப் 'பி டீச்சர்' என்றால்தான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. அங்கே எட்டாம் வகுப்பு முடிந்ததும் ஒரு பரீட்சை வைப்பார்கள். நன்றாக எழுதினவர்கள் ஒன்பதாம் வகுப்பில் ஏ பிரிவு, மற்றவர்கள் பி பிரிவு. ஏ பிரிவுக்கு முன்கட்டடத்தில் வெளிச்சமான அறை. பி பிரிவுக்கு, உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் கொட்டகையை ஒட்டி ஓர் அறை. அந்த அறையில் கணக்குச் சொல்லிக்கொடுத்தே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகச் சொல்லிக்கொடுப்பாள். ஒரே கணக்கை மூன்று விதமாகப் போட்டுக் காட்டுவாள். அதற்குப் பிறகும் ஒருத்தன் பேந்தப் பேந்த விழித்தால் முகம் சுளிக்க மாட்டாள். அவள் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. கணக்கை முதலில் முடித்தவர்கள் 'முடிச்சாச்சு' என்று சொல்லக் கூடாது. பேனாவைக் கீழே வைக்கவும் கூடாது. கடைசிப் பிள்ளை முடிக்கும்வரை எல்லாரும் எழுதிக்கொண்டிருப்பதுபோலவே இருக்க வேண்டும். பக்கத்துப் பேனா நின்றுவிட்டால் மெதுவாகப் போடுகிற பிள்ளைக்குக் கை உதறும், அதனால்தான். பல பிள்ளைகள் அந்த அறைக்கு வந்த பிறகுதான் முதன்முதலாகக் கணக்கில் தேறினார்கள்.

வருஷா வருஷம் பள்ளி திறந்த வாரத்தில் பெற்றோர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கென்று ஒரு பேச்சு வைத்திருந்தாள்.

"பி பிரிவுன்னா மட்டம்னு யாருங்க சொன்னது? அங்க ஓடுவாங்க, இங்க நின்னு புரிஞ்சுக்கிட்டுப் போவோம். அங்க உங்க புள்ள கூட்டத்துல ஒண்ணு. இங்க என் கண்ணு முன்னாலயே இருக்கும்."

வந்தவர்கள் தெளிந்து திரும்புவார்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிற அளவுக்குப் பழகிப்போன பேச்சு. ஆனாலும் அதை நம்பித்தான் சொன்னாள்.

இந்த வருஷம் பரீட்சை எழுதினவர்களில் அவளுடைய ஒரே மகளும் இருந்தாள். முடிவு வந்தது. பி பிரிவு.

மகள் ஒன்றும் கலங்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். "நல்லதாப் போச்சும்மா. உன் கிளாஸ்லயே இருக்கலாம்."

"பேசாம சாப்பிடு."

"ஏம்மா, மட்டம் இல்லன்னு நீதானே எல்லார்கிட்டயும் சொல்லுவ?"

"சாப்பிடும்போது என்னடி பேச்சு?"

அவள் கணவர் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர், அளந்து பேசுகிறவர். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி மனைவியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து மிச்சத்தைச் சாப்பிட்டார்.

மறுநாள் தலைமை ஆசிரியரின் அறைக்குப் போனாள். அத்தனை வருஷத்தில் தனக்கென்று அவரிடம் எதுவும் கேட்டதில்லை.

"ஏ பிரிவுல ஒரு எடம்கூடக் காலி இல்லையே டீச்சர்," என்றார் அவர். "உங்க பொண்ணு உள்ள வந்தா, கடைசியா இருக்கற புள்ள வெளிய வரணும்."

"தெரியும் சார்."

"வெளிய வந்தாலும் உங்ககிட்டதானே வரும். நீங்க பாத்துக்க மாட்டீங்களா என்ன?"

காரியம் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்தது. அன்றைக்கு அவளுக்கு வெட்கமாக இருந்ததா என்றால், இல்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. தாய் மனசு என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கலாம். அதைக்கூட அவள் சொல்லிக்கொள்ளவில்லை.

வெளியே வந்த பிள்ளை ஒரு பஸ் கண்டக்டரின் மகள். பி பிரிவில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். கரும்பலகையில் கணக்கை எழுதி முடித்து டீச்சர் திரும்புவதற்குள் விடையைப் போட்டுவிடுவாள். ஆனால் சட்டம் சட்டம்தானே. பேனாவைக் கீழே வைக்காமல், போட்ட எண்களின் மேலேயே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பாள், தாள் கிழிகிற வரைக்கும். டீச்சர் அவளுக்கென்று தனியாகக் கடினமான கணக்குகள் கொடுத்தாள். அவற்றையும் முடித்துவிட்டு அந்தப் பெண் மறுபடி எண்களின் மேலேயே எழுதினாள்.

ஏ பிரிவில் சொந்த மகளோ கடைசி வரிசையில், பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். "புரியலைன்னா எழுந்து கேக்கறதுக்கென்ன?" என்று வீட்டில் கேட்டதற்கு, "அங்க யாரும் கேக்க மாட்டாங்கம்மா," என்றாள்.

ஒருநாள் மதியம் கண்டக்டர் வந்தார். காக்கிச் சட்டையோடு, டியூட்டிக்கு நடுவில்.

"ஏ பிரிவுன்னுதான் முதல்ல சொன்னாங்க. அப்புறம் பி பிரிவுன்னுட்டாங்க. என் பொண்ணு ஏதாச்சும் தப்புப் பண்ணிடுச்சா டீச்சர்?"

பழக்க தோஷம், அந்தப் பேச்சு தானாகவே வாயில் வந்தது. மட்டம் இல்லை, நின்று புரிந்துகொள்வது, கண் முன்னால், எல்லாம் வந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முகமும் தெளிந்தது. அவளால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று எழுந்தார். "உங்களுக்கும் இதே வயசுல ஒரு பொண்ணு இருக்குதாமே. அதுவும் உங்க கிளாஸ்தானே?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார். பஸ்ஸுக்கும் நேரமாகியிருந்தது.

"இல்லீங்க. அவ ஏ பிரிவுல இருக்கா," என்றாள். "பரீட்சைல அவளுக்கு பி பிரிவுதான் வந்துச்சு. நான் போய்க் கேட்டு மாத்தினேன். அவளுக்கு எடம் குடுக்கத்தான் உங்க பொண்ண இங்க அனுப்பினாங்க."

அவர் கத்துவார் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"யார்கிட்டக் கேட்டீங்க டீச்சர்?"

"ஹெட்மாஸ்டர்கிட்ட."

"அவர் ரூம் எதுன்னு காட்டுங்க. போய்க் கேக்கலாம்னே எனக்குத் தெரியாது."

அவள் கையிலிருந்த சாக்பீஸை மேஜைமேல் வைத்தாள். "வாங்க," என்று முன்னால் நடந்தாள். தலைமை ஆசிரியரின் அறைக்குப் போகிற வழியில்தான் ஏ பிரிவு. அதன் வாசலில் நின்று, பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியரிடம் ஒரு நிமிஷம் என்றாள். பிறகு கடைசி வரிசையைப் பார்த்து, "பையை எடுத்துக்கிட்டு வாடி," என்றாள்.

மகள் ஏன் என்று கேட்கவில்லை. பக்கத்துப் பெண்ணிடம் அவள் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.