இன்ஜே தைத்த இரண்டு பெயர்கள்

அடுத்த அறையில் தையல் இயந்திரம் கடகடவென்று ஓடி, டக்கென்று நின்றது. பின்னாலேயே கொரிய மொழியில் ஒரு வசவு.

"ஊசி ஒடிஞ்சிற்று," என்றாள் வீட்டுக்காரி செசிலி, சாளை மீனின் செதிலை உரசியபடி. நாலு மாதத்தில் அந்த மொழியில் அவளுக்குப் பிடிபட்டது அந்த வசவு ஒன்றுதான்.

சியோலிலிருந்து வந்து வாடகைக்கு இருக்கும் கலைஞர் இன்ஜே. கிராப்புத் தலை, கட்டம் போட்ட லுங்கி. முதல் ஞாயிறு மாதா கோயிலில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்தாள்; அடுத்த ஞாயிறு பெண்கள் பக்கம். மூன்றாம் ஞாயிறு ஊர் பீடத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தது. தீர்ப்புச் சொன்னவள் செசிலி: "பெண்ணுதான். ஆம்பிளையா இருந்தா தின்ன சட்டிய கழுவுமா?"

தமிழை மீன் ஏலத்தில் படித்ததால் இன்ஜேக்கு மரியாதை விகுதி வாய்க்கவில்லை. பங்குச்சாமியாரையே "லே மக்கா" என்பாள். அவரும் 'அந்நிய தேசத்துப் பிள்ளை' என்று ஆசீர்வதித்துவிட்டு வேகமாக நடப்பார்.

எந்த ஏட்டிலும் ஏறாத மீன்காரிகளின் பெயர்களை, அவர்கள் தலையில் கூடைக்கு அடியில் வைத்த சும்மாட்டுத் துணியிலேயே தைப்பது அவள் வேலை. நாளை பங்கு மண்டபத்தில் கண்காட்சி. நாற்பதாவது துணியைப் பார்க்கும்வரை ஊருக்குப் பெருமைதான். அதில் ஒரே நூலில் இரண்டு பெயர்கள்: சலேத்து, பூங்கனி. ஒரே வீட்டில், ஒரே பாயில் முப்பத்தொரு வருடம் வாழ்ந்து செத்த இரண்டு மீன்காரிகள்.

பங்குப் பேரவைச் செயலாளர் ஆன்றோ விறுவிறுவென்று படியேறி வந்தார். சலேத்தின் அக்கா மகன்.

"அது வேண்டாம், கேட்டியா? 'அக்கா தங்கச்சி'ண்ணு தையி. இல்லேங்கி மண்டபம் தொறக்காது."

"அக்கா தங்கச்சியா லே?"

"ஊருல அப்பிடித்தான் சொல்லியது."

இன்ஜே கத்தரிக்கோலை நீட்டினாள். "ஒனக்க சின்னம்மை. நீயே வெட்டு."

"வெட்டும், செயலாளரே," என்றாள் வாசலில் நின்ற செசிலி. "ஊருக்க மானம் ஒமக்க கையிலதானே இருக்கு."

ஆன்றோ வாங்கினார். தாயில்லாப் பிள்ளையாக அவர் வளர்ந்தது அந்த வீட்டில்தான். பள்ளிக்குத் தலை சீவி அனுப்பியவள் சலேத்து. முள் எடுத்துச் சோறு ஊட்டியவள் பூங்கனி. இரண்டு பெயர்களுக்கும் நடுவே கத்தரிக்கோல் வாய் பிளந்தபடி நின்றது.

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"மூலையில மாட்டு. அங்கன லைட்டு போடாண்டாம்."

துணியின் கசங்கலை உள்ளங்கையால் நீவிவிட்டு, அதன்மேல் மண்டபச் சாவியை வைத்தார். வெளியே போய், பிள்ளை தூங்கும் வீட்டில் சாத்துவதைப் போல, கதவை ஓசையில்லாமல் சாத்தினார்.